மாத்திரை கேட்காத மனச்சோர்வு: அடுத்து என்ன?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. தேவகோட்டையில் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். மனச்சோர்வுக்கு நான்கு மாதமாக எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. சாப்பிடுகிறார். பி.பி., தைராய்டு மாத்திரைகளும் உண்டு. முன்னேற்றமே இல்லை; கல்யாணம், காரியம் எதற்கும் வருவதில்லை. இனி ‘ஷாக்’தான் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். வேறு வழி உண்டா? – ஒரு வாசகி, காரைக்குடி.

பதில்: உண்டு. முதல் மாத்திரையிலேயே முழுதாகத் தெளிகிறவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். ஆனால் மருந்து கேட்கவில்லை என்று முடிவுகட்டும் முன், அது ஒழுங்காக உள்ளே போகிறதா என்று பாருங்கள். தனியாக இருப்பவர்கள் விரத நாளில் விட்டுவிடுவார்கள். பழகிப்போகுமோ என்று பாதியாக உடைத்தும் போடுவார்கள். போன மாத அட்டையில் எத்தனை மிச்சம் என்று எண்ணினால் தெரிந்துவிடும்.

அடுத்தது தைராய்டு மாத்திரை. விடிந்ததும் காபியோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, முக்கால் மணி நேரமாவது கழித்துக் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. தைராய்டு குறைந்தே இருந்தால் எந்த மனச்சோர்வு மருந்தும் திணறும், டி.எஸ்.எச். என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள்.

பி.பி. மாத்திரை அட்டையையும் திருப்பிப் படியுங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் என்றிருந்தால் உடனே ரத்தத்தில் சோடியம் (உப்புச் சத்து) பரிசோதனை செய்யுங்கள். எஸ்சிட்டலோபிராமும் அதுவும் சேரும்போது, இந்த வயதில், குறிப்பாகப் பெண்களுக்கு, சோடியம் இறங்கலாம். அசதி, தலைவலி, தடுமாற்றம் வரும். வீட்டில் ‘நோய் முற்றுகிறது’ என்பார்கள். வைட்டமின் பி12-ம் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

இவையெல்லாம் சரியென்றால், ஈ.சி.ஜி. பார்த்து, எஸ்சிட்டலோபிராம் அளவைப் படிப்படியாக 20 மி.கி. வரை ஏற்றி நான்கிலிருந்து ஆறு வாரம் பார்க்கலாம். துளியும் பலனில்லாவிட்டால் மருந்தை மாற்றுவார்கள். தூக்கமும் பசியும் கெட்டவர்களுக்கு இரவில் மிர்டசபின் 15 மி.கி. நல்ல தேர்வு, எடை கூடும். வென்லாஃபாக்சின் பி.பி.யை ஏற்றலாம். பாதி பலன் கிடைத்திருந்தால் மாற்றாமல், கூட ஒன்றைச் சேர்ப்பதே என் விருப்பம்: அரிபிபிரசோல் 2 மி.கி.யில் தொடங்கலாம், உட்கார முடியாத தவிப்பு வந்தால் சொல்ல வேண்டும். லித்தியமும் நல்ல மருந்துதான், ஆனால் மேலே சொன்ன பி.பி. மாத்திரையோடு ரத்தத்தில் அளவு எகிறி நஞ்சாகும். முன்பு எப்போதாவது தூக்கமில்லாமலே நாள்கணக்கில் அதீத உற்சாகம், கண்மண் தெரியாத செலவு இருந்ததா? இருந்திருந்தால் வைத்திய முறையே வேறு, மறக்காமல் சொல்லுங்கள்.

பேச்சு சிகிச்சையையும் கூடவே தொடங்குங்கள். தினம் ஒரே நேரத்தில் ஒரு சின்ன வேலை, மனசு வராவிட்டாலும் செய்வது என்பது அதில் ஒரு பகுதி.

‘ஷாக்’ என்கிற ஈ.சி.டி. (மூளைக்கு மின்சாரம் கொடுக்கும் சிகிச்சை) சினிமாவில் காட்டுவது போல இல்லை. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுப்பதை 2017 மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. வாரம் இரண்டு மூன்று தடவை, மொத்தம் 6 முதல் 12. சிகிச்சையை ஒட்டிய நாட்களின் நினைவு மங்கும். பெரும்பாலும் தெளியும், சிலருக்குச் சில நினைவுகள் திரும்புவதில்லை. சாப்பாடு, தண்ணீரையே மறுப்பவருக்கு இதைக் கடைசி வரை தள்ளிப்போடுவதுதான் தவறு. தலைக்கு வெளியே காந்தம் வைத்து மூளையைத் தூண்டும் இன்னொரு முறையான காந்தத் தூண்டல் சிகிச்சைக்கு மயக்க மருந்து வேண்டாம். ஆனால் வாரம் ஐந்து நாள், நான்கிலிருந்து ஆறு வாரம்; பெரிய ஊரில் தங்க வேண்டிவரும்.

மாத்திரையைத் திடீரென நிறுத்த வேண்டாம். சாவைப் பற்றிப் பேசினால் தனியாக விடாதீர்கள். மாத்திரைகளை உங்கள் கையில் வைத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416-ல் இரவிலும் எடுப்பார்கள்.