எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு லினக்ஸ் சர்வர்தான். டிஸ்க் மொத்தமாகப் போனாலும் முழு சிஸ்டத்தையும் திரும்ப எழுப்பும்படி பேக்கப் எடுப்பது எப்படி?

ஃபைல்கள் பத்திரமாக இருப்பது வேறு, மெஷின் பூட் ஆவது வேறு. இது எனக்கு உறைத்தது 2019இல், ஒரே ராத்திரியில்.

கோவையில் ஒரு உதிரிபாக மொத்த வியாபாரக் கடை. சென்டோஸ் 7 என்ற லினக்ஸ், மரியாடிபி டேட்டாபேஸ், அதன்மேல் பில்லிங் மென்பொருள். தினமும் ராத்திரி கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் வசதி) ஆர்சிங்க் என்ற காப்பிக் கருவி ஓடி எல்லாம் வேறொரு டிஸ்க்குக்குப் போய்விடும். 19ஆம் தேதி சாயங்காலம் சர்வரின் டிஸ்க் செத்துப்போனது. மறுநாள் ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். "காலைல பில்லு போட்றலாங்களா தம்பி?" என்று முதலாளி கேட்டார். எல்லா ஃபைலும் கையில் இருக்கிறதே என்ற தைரியத்தில் "போட்றலாங்ணா" என்றேன்.

பழைய மெஷினில் பயாஸ் என்ற பழைய பூட் முறை, சாட்டா டிஸ்க். அவசரத்துக்குக் கிடைத்த புதியதில் யூஈஎஃப்ஐ என்ற புது பூட் முறை மட்டும், வேறு வகையான என்விஎம்ஈ டிஸ்க். லைவ் யுஎஸ்பியில் ஏறி பார்ட்டிஷன் பிரித்து, ஃபைல்களைக் கொட்டி முடிக்க இரண்டு மணி நேரம். மிச்ச ராத்திரி முழுக்க பூட் செய்ய வைப்பதிலேயே போனது. பழைய சிஸ்டத்தில், யூஈஎஃப்ஐ பூட் செய்யத் தேடும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனே கிடையாது என்பதால் ஃபேட்32இல் புதிதாக ஒன்று உருவாக்கினேன். டெவ், ப்ராக், சிஸ் என்ற சிஸ்டம் ஃபோல்டர்கள் மூன்றையும் பைண்ட் மவுண்ட் செய்து, கொட்டிய சிஸ்டத்துக்குள்ளேயே வேலை செய்ய சிஎச்ரூட்டில் நுழைந்து, ஈஎஃப்ஐக்கான க்ரப் (பூட்லோடர்) பேக்கேஜை நிறுவினேன். புது ஃபைல்சிஸ்டத்துக்குப் புது யூயூஐடி, அதாவது அடையாள எண். அதை எஃப்ஸ்டாபிலும் (எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் ஃபைல்) க்ரப் கான்ஃபிகிலும் மாற்றினேன். அப்படியும் எமர்ஜென்சி ஷெல்லில் போய் நின்றது. பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு இமேஜான இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கும் டிராகட், வழக்கமாக அந்தந்த மெஷினுக்குத் தேவையான டிரைவர்களை மட்டுமே அதில் சேர்க்கும். பழைய இமேஜில் என்விஎம்ஈ டிரைவர் இல்லை. 'ஹோஸ்ட்ஒன்லி' (இந்த மெஷினுக்கு மட்டும்) வேண்டாம் என்று சொல்லி மறுபடி உருவாக்கிய பிறகுதான் லாகின் திரை வந்தது. நெட்வொர்க் கார்டின் பெயரும் மாறியிருந்ததால் ஐபி ஏறவில்லை. அதையும் சரிசெய்யும்போது மணி ஐந்து.

நல்லவேளையாக, டேட்டாபேஸை மட்டும் தனியாக டம்ப் எடுத்து வைத்திருந்தேன், 'சிங்கிள் டிரான்சாக்ஷன்' ஆப்ஷனோடு. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஃபைல்களை அப்படியே காப்பி அடித்தால் ஒரு டேபிள் ஒரு நிமிடத்திலும் இன்னொன்று வேறு நிமிடத்திலும் இருக்கும். அதை நம்பவே நம்பாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்வது ரியர், அதாவது ரிலாக்ஸ் அண்ட் ரிகவர். 2006இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் கருவி, பாஷில் எழுதப்பட்டது. ஓடும் சர்வரிலிருந்தே டிஸ்க் அமைப்பு, டிஸ்க்குகளைச் சேர்த்துப் பிரிக்கும் எல்விஎம், ரெய்டு, பூட்லோடர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு பூட் ஆகும் ஐஎஸ்ஓ ஒன்றைத் தரும். பேக்கப்பை என்எஃப்எஸ் சர்வரில் (நெட்வொர்க் வழியாக ஃபைல் வைக்கும் சர்வர்) டார் என்ற ஒரே ஃபைலாக வைக்கும். அவசரத்தில் அந்த ஐஎஸ்ஓவில் பூட் செய்து 'ரியர் ரெக்கவர்' என்று கொடுத்தால் பார்ட்டிஷனிலிருந்து க்ரப் வரை அதுவே கட்டி எழுப்பும். டிஸ்க் பெயரோ அளவோ மாறியிருந்தால் எதற்கு எது என்று கேட்கும். ஆனால் பயாஸிலிருந்து யூஈஎஃப்ஐக்கு மாறுவதை அதன் தலையில் கட்டாதீர்கள். மாற்று மெஷினை அதே வகையில் வாங்கி வையுங்கள். பார்ட்டிஷனை மாற்றினால் ஐஎஸ்ஓவையும் புதிதாக எடுக்க வேண்டும்.

டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் குளோன்சில்லாவும் நல்லதுதான், ஆனால் மெஷினை நிறுத்த வேண்டும். ஓடும் டிஸ்க்கை டிடி கட்டளையால் காப்பி அடிக்காதீர்கள். ஆர்சிங்க்தான் வேண்டுமென்றால் ஒன்று கவனியுங்கள்: ஆர்கைவ் ஆப்ஷனில் ஏசிஎல் (கூடுதல் அனுமதிகள்), எக்ஸ்டெண்டட் அட்ரிப்யூட் (ஃபைலோடு ஒட்டிய கூடுதல் தகவல்), ஹார்ட் லிங்க் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) மூன்றும் சேராது. தனித்தனியாகக் கேட்க வேண்டும். யூசரின் பெயரைப் பார்க்காமல் எண்ணை அப்படியே வைக்கும் 'நியூமெரிக் ஐடி'யையும் சேர்க்காவிட்டால், லைவ் யுஎஸ்பியில் ரீஸ்டோர் செய்யும்போது மைஎஸ்க்யூஎல் யூசரின் (மரியாடிபி ஓடும் கணக்கு) ஃபைல்கள் வேறு யாருக்கோ சொந்தமாகிவிடலாம்.

எந்தக் கருவியானாலும் ரீஸ்டோர் செய்து பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று, நிரலர்கள் கோடு வைக்கும் தளமான கிட்லாபில் தவறுதலாகப் புரொடக்ஷன் டேட்டாபேஸ் அழிக்கப்பட்டபோது, பிஜிடம்ப் (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டம்ப் கருவி) எடுத்த பேக்கப் ஒன்றுகூட இல்லை என்று தெரியவந்தது. சர்வர் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் கருவி 9.2; பதிப்பு பொருந்தாமல் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்தது. பேக்கப் தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த எல்விஎம் ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்தக் கணத்து நிலை) ஒன்றுதான் அவர்களைக் காப்பாற்றியது.

நான் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு காலி விர்ச்சுவல் மெஷினில் முழு ரீஸ்டோர் செய்கிறேன். நெட்வொர்க்கைத் துண்டித்துத்தான், இல்லாவிட்டால் அதே ஐபியோடு இரண்டு சர்வர் எழும். அப்படி ஒரு ஒத்திகையில்தான் போர்க் என்ற கருவியால் பூட்டி எடுக்கும் பேக்கப்பின் பாஸ்ஃபிரேஸ் (கடவுச்சொல்) அதே சர்வருக்குள் ஒரு ஃபைலில் மட்டுமே இருப்பதைக் கண்டேன். சர்வர் போயிருந்தால் பேக்கப்பும் திறந்திருக்காது. இப்போது அதைக் காகிதத்தில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, முதலாளி வீட்டு பீரோவில் வைத்திருக்கிறோம்.