முதலாளி பி.ஆர். தருவதில்லை, தம்பி

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளுக்கு டீசல் மெக்கானிக்காக இருக்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 41. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பக்கம் லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒருவர் இவரை 482 என்ற, முதலாளி ஸ்பான்சர் செய்யும் தற்காலிக வேலை விசாவில் கூப்பிடுகிறாராம். "ரெண்டு வருஷம் ஒழுங்கா வேலை பாருங்க, பி.ஆர். வாங்கித் தர்றேன்" என்று போனில் சொல்லியிருக்கிறார். பி.ஆர். என்றால் அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை. நடுவில் நிற்கும் ஏஜெண்ட் பத்து லட்சம் கேட்கிறார். நம்பிப் போகலாமா, வாடகை எவ்வளவு, குளிர் தாங்குமா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எப்படி, நம் ஊர்ச் சாமான் கிடைக்குமா என்று கேட்கிறார்.

தம்பி, வாடகையும் குளிரும் எல்லாரும் சமாளிப்பதுதான், நீங்களும் சமாளிப்பீர்கள். நான் பேச வேண்டியது அந்த "வாங்கித் தர்றேன்" பற்றி. 2013-இல் நாமக்கல்லிலிருந்து நான் கிளம்பியபோது இதே வார்த்தையை இதே மாதிரி போனில்தான் கேட்டேன்.

பி.ஆர். எந்த முதலாளியும் தருவதில்லை. அதைத் தருவது அரசாங்கத்தின் உள்துறை. முதலாளி செய்வது ஒன்றே ஒன்று: இந்த ஆள் எனக்கு நிரந்தரமாக வேண்டும், குறைந்தது இன்னும் இரண்டு வருஷத்துக்கு இவருக்கு முழுநேர வேலை இருக்கிறது என்று நாமினேஷன் போடுவது. அதற்கு 540 டாலர் கட்டணம், அதோடு பயிற்சி நிதிக்கான லெவி. சிறிய கம்பெனி என்றால் 3,000, பெரியது என்றால் 5,000. அவருக்கு அவ்வளவுதான் செலவு. இது தெரியாமல், பி.ஆர். என்பது முதலாளியின் மேசை டிராயரில் இருக்கும் சாவி என்று நினைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வாய் திறக்காமல் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சம்பளத்தைக் குறைத்தாலும் பேசமாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் போவார்கள்.

முதலில் பணம். அந்த லெவியையும் நாமினேஷன் செலவையும் முதலாளி உங்களிடமிருந்து எந்த வழியிலும் வசூலிக்கக் கூடாது. உங்கள் சொந்த விசா விண்ணப்பக் கட்டணம் மட்டும் நீங்கள் கட்டலாம். பி.ஆர். விண்ணப்பத்துக்கு முதல் ஆளுக்கே 5,000 டாலரை ஒட்டி வரும், மனைவி பிள்ளைகளுக்குத் தனி, அதற்கு இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள். ஸ்பான்சர் பண்ணுவதற்குக் கைம்மாறாகப் பணம் கேட்பது 2015 டிசம்பரிலிருந்து குற்றம், கொடுப்பதும் சட்டத்துக்கு விரோதம். கொடுத்தவரின் விசாவும் போகலாம். உங்கள் ஏஜெண்ட் கேட்கும் பத்து லட்சம் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரமாட்டார். ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜெண்ட் ஒவ்வொருவருக்கும் ஏழு இலக்க எண் உண்டு, ஓமாரா என்ற அரசுப் பதிவேட்டில் அந்த எண்ணைப் போட்டால் பெயர் வரும். ஈரோட்டில் மாடியில் ஆபீஸ் போட்டு, சுவரில் கங்காரு படம் மாட்டியிருப்பதெல்லாம் பதிவு ஆகாது.

அடுத்தது வயது. உங்கள் கடிதத்தில் எனக்குப் பகீரென்றது அந்த 41-தான். 482-இலிருந்து 186 என்ற நிரந்தர விசாவுக்குப் போக, ஸ்பான்சர் செய்த வேலையில் மூன்று வருஷத்துக்குள் இரண்டு வருஷம் முழுநேரமாக உழைத்திருக்க வேண்டும். விண்ணப்பம் போடும் அன்றைக்கு 45 வயது நிறைந்திருக்கக் கூடாது. விதிவிலக்கு உண்டு, ஆனால் அது மிகப் பெரிய சம்பளக்காரர்கள் போன்ற சிலருக்கு. ஸ்பேனர் பிடிக்கிற நமக்கு எட்டாது. விசா வர எத்தனை மாதம், சேர்ந்த பிறகு இரண்டு வருஷம், அதன் பிறகு முதலாளி "அடுத்த மாசம் பார்க்கலாம், ஆடிட்டர் லீவு" என்று இழுக்க எத்தனை மாதம் என்று கூட்டிப் பாருங்கள். முப்பது வயதுக்காரன் இந்த இழுவையைத் தாங்குவான், உங்களால் முடியாது. அதனால் இரண்டு வருஷம் முடிந்ததும் நாமினேஷன் போடுவேன் என்பதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். சட்டப்படி அது அவரை எவ்வளவு கட்டும் என்பது வேறு விஷயம். எழுதித் தரத் தயங்குகிறவரின் மனசு அப்போதே தெரிந்துவிடும்.

ஆங்கிலம் இன்னொரு இடம். உள்ளே வர ஐஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் ஒவ்வொரு பிரிவிலும் 5 போதும். நிரந்தரத்துக்கு ஒவ்வொன்றிலும் 6 வேண்டும். பேசுவதும் கேட்பதும் ஒர்க்‌ஷாப்பில் தானாக வந்துவிடும். எழுதுவது வராது. நாள் முழுக்க கிரீஸில் கிடந்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து, நகரத்தில் போக்குவரத்து நெரிசலைக் குறைப்பது எப்படி என்று கட்டுரை எழுதப் பழக வேண்டும். எனக்குத் தெரிந்து வேலையெல்லாம் சுத்தமாகச் செய்து, முதலாளியும் நல்லவராக அமைந்து, இந்த எழுத்துத் தேர்வில் அரை மதிப்பெண் குறைந்து நின்றவர்கள் இருக்கிறார்கள். விமானம் ஏறுவதற்கு முன்பே ஆரம்பியுங்கள்.

நான் வந்த கதையைச் சொன்னால்தான் மீதி புரியும். அப்போது 457 விசா, இன்றைய 482-க்கு முன்னால் இருந்தது. குயின்ஸ்லாந்தில் டார்லிங் டவுன்ஸ் பக்கம் ஒரு சிறிய ஊர், பருத்தியும் சோளமும் விளையும் கரிசல் பூமி. முதலாளி யாரென்று சொல்ல விரும்பவில்லை. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் தகர ஷெட்டில் நான்கு பேருக்கு ஒரே அறை. அதற்கு வாரா வாரம் சம்பளத்தில் வாடகை பிடிப்பார்கள், பே சிலிப்பில் "அட்வான்ஸ்" என்று எழுதியிருக்கும். ஜூலையில் அந்தத் தகரத்தின் உள்பக்கம் விடியற்காலையில் நீர் கோத்து நிற்கும், போர்வையில் சொட்டும். டீசல் மெக்கானிக் என்று விசா வாங்கிவிட்டு, பாதி நாள் வண்டி கழுவவும் டயர் மாற்றவும் விட்டார்கள். கேட்டால் "பி.ஆர். வேணுமா வேண்டாமா?" என்பதுதான் பதில்.

தெரிந்துகொள்ளுங்கள், இதில் போவது மரியாதை மட்டுமில்லை. விசாவில் என்ன தொழில் எழுதியிருக்கிறதோ அந்தத் தொழிலைத்தான் செய்ய வேண்டும். நாளைக்கு நிரந்தர விசா பரிசீலனையில் அதிகாரி ஜாப் கார்டுகளைக் கேட்டு, அதில் எல்லாம் டயர் மாற்றியதாக இருந்தால், இந்த வேலைக்கு மெக்கானிக் எதற்கு என்று நாமினேஷனையே நிராகரிக்கலாம். இழப்பு முழுக்க உங்களுக்கு. ஆகவே நீங்கள் பிரித்த எஞ்சின், மாற்றிய இஞ்செக்டர், கியர்பாக்ஸ் என்று ஒவ்வொரு வேலைக்கும் தேதி, வண்டி எண், நேரம் எழுதிய நோட்டு ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். நான் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டில் எழுதினேன், தினமும் ராத்திரி, கை கழுவியதும். 2015-இல் அந்த இடத்தை விட்டு வெளியே வந்தபோது பிடித்த வாடகையையும் கொடுக்காத ஓவர்டைமையும், சம்பளப் புகார்களைக் கவனிக்கும் ஃபேர் ஒர்க் என்ற அரசு அமைப்பு வழியாகக் கேட்டேன். கணக்கு காட்டச் சொன்னார்கள். என் பக்கம் அந்த நோட்டுதான் பேசியது, ஒரு பகுதி பணம் திரும்பி வந்தது.

ஃபேர் ஒர்க் ஆம்பட்ஸ்மன் எண் 13 13 94. எந்த விசாவில் இருந்தாலும் சம்பளச் சட்டம் ஒன்றுதான். ஆங்கிலத்தில் பேசத் தயங்கினால் 131 450-ஐக் கூப்பிட்டுத் தமிழ் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். 2024 ஜூலையிலிருந்து, விசாவைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவதே குற்றம். புகார் செய்ததற்காக விசா ரத்தாகாமல் காக்கவும் விதி கொண்டுவந்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் இது இல்லை. வேலையை விட்டால் அடுத்த ஸ்பான்சரைத் தேட அன்று 90 நாள், பிறகு அதையும் 60 ஆக்கினார்கள். இப்போது ஒரு தடவைக்கு 180 நாள், மொத்த விசாக் காலத்தில் 365 நாள் வரை. அப்போதெல்லாம் முதலாளி மாறினால் பி.ஆர்.-க்கான இரண்டு வருஷக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். 2024 டிசம்பரில் வந்த மாற்றத்தால், அங்கீகரிக்கப்பட்ட வேறு ஸ்பான்சரிடம் பார்த்த காலமும் சேரும். நம் ஆட்கள் பலருக்கு இன்னும் இது தெரியாது. பழைய பயத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

பயத்தை வளர்ப்பவர்களும் நம் ஆட்கள்தான் என்பது எனக்கு ஆறாத வருத்தம். நான் அந்த ஷெட்டில் கிடந்தபோது பிரிஸ்பேனில் இருந்த நம் ஊர்க்காரர் ஒருவரிடம் போனில் நிலைமையைச் சொன்னேன். "எல்லாரும் கஷ்டப்பட்டுத்தான் வந்தோம், பொறுத்துக்கோ" என்றார். அவர் ஐடி வேலை, வயது, படிப்பு, ஆங்கிலம் பார்த்துப் புள்ளி போட்டுத் தரும் விசாவில் வந்தவர். பி.ஆர்.-ஐக் கையில் வைத்துக்கொண்டே விமானம் ஏறியவர். வந்த நாளே மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை, பிடிக்காத வேலையை வெள்ளிக்கிழமை விட்டுவிட்டுத் திங்கட்கிழமை வேறு இடம் போகலாம். படித்து வந்தார், தப்பில்லை. ஆனால் ஒரே முதலாளியின் கையெழுத்தில் குடும்பமே தொங்கிக்கொண்டிருக்கிறவனுக்கு அவர் சொல்லும் பொறுமை பொருந்தாது. சங்க விழாக்களில் இந்த இரண்டு கூட்டமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும், ஒருவர் வாழ்க்கை மற்றவருக்குத் தெரியாது. யோசனை கேட்பதானால் 482-இல் வந்து 186 வாங்கிய சமையல்காரரிடம், வெல்டரிடம், நர்ஸிடம் கேளுங்கள்.

அங்கிருந்து நான் டூவூம்பாவுக்கு வந்தேன். பிரிஸ்பேனிலிருந்து மேற்கே மலையேறி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். மேற்கேயிருந்து ரோடு டிரெய்ன் எல்லாம் இந்த ஊர் வரை வரும். இரண்டு டிரெய்லரைக் கோத்து 36 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் வண்டி. நாமக்கல்லில் எத்தனையோ லாரி பார்த்த எனக்கே முதல் நாள் அதைச் சுற்றி நடந்து பார்க்கத் தோன்றியது. முதலாளி வயதானவர், விவசாயக் குடும்பம், சிரிக்கவே மாட்டார். முதல் வாரம் என்னிடம் ஒரு எஞ்சினைக் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். நம் ஊரில் லேப்டாப் மாட்டித் தவறு தேடும் வழக்கம் அன்று இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்துச் சத்தத்தைக் கேட்டு, புகை நிறத்தைப் பார்த்து இரண்டாவது இஞ்செக்டர் என்று சொன்னேன். அதன் பிறகு கணினியை மாட்டிப் பார்த்தார், அதுவும் அதையே சொன்னது. அன்றிலிருந்து கஷ்டமான வண்டி எல்லாம் என் பக்கம் வரும். கணினியும் பிறகு கற்றுக்கொண்டேன். இங்கே டூல்ஸ் அவரவர் சொந்தம், வாரத்துக்கு ஒரு முறை டூல் வேன் வாசலுக்கே வந்து கடனுக்குக் கொடுக்கும். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இப்போது இருக்கும் மிகப் பெரிய டூல் பெட்டி என்னுடையது.

2017 ஏப்ரல் 18 மறக்காது. 457 விசாவையே ஒழிக்கப்போகிறோம் என்று பிரதமர் டர்ன்புல் அறிவித்தார். என் இரண்டு வருஷக் கணக்கு முடிகிற சமயம். மனைவி முதியோர் இல்லத்தில் ராத்திரி ஷிப்டிலிருந்து போன் பண்ணி "நமக்கும் இதுதானா?" என்று கேட்டாள். மறுநாள் நான் வாய் திறப்பதற்கு முன்பே அந்தச் சிரிக்காத மனிதர் மைக்ரேஷன் வக்கீலைக் கூப்பிட்டுக் கேட்டு வைத்திருந்தார். அன்றைக்கு ஏற்கனவே 457 வைத்திருந்தவர்களுக்கு இரண்டு வருஷ விதியே தொடரும் என்பது பிறகு தெளிவானது. நாமினேஷனில் நாள் தவறாமல் கையெழுத்துப் போட்டார். 2018-இல் விசா வந்தது. வந்த பிறகும் நான் அங்கேயே இருக்கிறேன். பி.ஆர். மின்னஞ்சல் வந்த வாரமே நோட்டீஸ் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அடுத்து நாமக்கல்லிலிருந்தோ பஞ்சாபிலிருந்தோ ஒருவன் வரும்போது அந்த முதலாளி யோசிப்பார்.

உங்கள் ஆஃபர் லெட்டரில் மூன்று இடம் பாருங்கள். சம்பளம்: குறைந்தபட்ச வரம்பு 2025 ஜூலையில் வருஷத்துக்கு 76,515 டாலர் ஆனது, ஜூலைதோறும் ஏறும். அதே வேலைக்கு அந்த ஊர் ஆஸ்திரேலியருக்கு அதைவிட அதிகம் என்றால் உங்களுக்கும் அதேதான். ஓய்வூதியத்துக்கான சூப்பர் 12 சதவீதம் அதற்கு மேல் தனியாக வர வேண்டும், உள்ளடக்கி எழுதியிருந்தால் ஏமாற்று. அடுத்து, கம்பெனியின் ஏபிஎன் என்ற வணிகப் பதிவு எண். லெட்டரில் ஒரு கம்பெனி, பே சிலிப்பில் முதலாளியுடைய தம்பியின் கம்பெனி என்று இருந்தால் அந்த இரண்டு வருஷத்தை நிரூபிக்க நாய் படாத பாடு. மூன்றாவது, வீட்டுக்கென்று சம்பளத்தில் பிடிப்பார்களா என்பது.

ஊரில் இருக்கும்போதே செய்ய வேண்டியது அனுபவச் சான்று. நம் பக்கம் பட்டறைகளில் சம்பளம் கையில் கொடுப்பார்கள், பி.எஃப். கிடையாது, கேட்டால் "இவர் நல்லவர், வல்லவர்" என்று லெட்டர்பேடில் நாலு வரி எழுதிக் கொடுப்பார்கள். அது போதாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த எஞ்சின், என்னென்ன வேலை என்று இருக்க வேண்டும். பட்டறைக்காரர் உயிரோடும் நட்போடும் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். ஐடிஐ சான்றிதழ் அசலையும் தேடி எடுங்கள்.

பள்ளிக்கூடம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், தற்காலிக விசாக்காரரின் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்கும் மாநிலமும் உண்டு, வீடு பார்க்கும் முன் விசாரியுங்கள். சாமானுக்கு பிரிஸ்பேன் வரை போனால் எல்லாம் கிடைக்கிறது. கிரைண்டர் மட்டும் கோயம்புத்தூரிலிருந்தே கொண்டுவாருங்கள். இங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மாற்றினால் ஓடும்.