கலைப்பு வழக்கில் 40% பங்குக்குத் தள்ளுபடி விலையா?

உங்களுடையது சிறுபான்மைப் பங்கு என்று சொல்லிக் கூட்டாளிகள் கேட்கும் 30% தள்ளுபடியை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவில் நிறுவனத்தைக் கலைக்கக் கோரி வழக்குப் போட்ட 40% பங்குதாரர் நீங்கள். 60% வைத்திருப்பவர்கள் அம்மாநில நிறுவனச் சட்டத்தின் பிரிவு 2000-ன்படி உங்கள் பங்கை வாங்குவதாகச் சொல்கிறார்கள். பொதுவாக அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால் "சிறுபான்மைப் பங்கு, எனவே 30% குறைவு" என்ற கணக்கு இங்கே எடுபடாது. இத்தகைய வாங்கலில் அந்தக் கழிவு கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1979-லேயே சொல்லிவிட்டது.

வெளியாருக்குப் பங்கு விற்கும்போதோ வரிக்காகவோ போட்ட பழைய மதிப்பீட்டு அறிக்கையை அவர்கள் அப்படியே நீட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த அறிக்கையில் இரண்டைப் பாருங்கள்: எந்தத் தேதி மதிப்பு, எந்த அடிப்படை. தேதி, வழக்குத் தாக்கலான நாளாக இருக்க வேண்டும் (தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் மாற்றலாம்). அடிப்படை, கலைப்பில் கிடைக்கும் தொகை. அதிலும், ஓடும் தொழிலாகவே மொத்தமாக விற்கும் வாய்ப்பைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பேரம் பேச உங்களுக்கு இடம் தருவது இந்தக் கடைசி வரிதான். தொழிலே உங்கள் கூட்டாளிகளின் ஆள்பழக்கத்தில் ஓடுகிறதென்றால் அந்த விலையும் சரியும், அது வேறு விஷயம்.

விலை ஒத்துவரவில்லையா, நீதிமன்றம் மூன்று மதிப்பீட்டாளர்களை நியமிக்கும். தீர்மானித்த விலையைக் கெடுவுக்குள் கட்டாவிட்டால் கலைப்பு உத்தரவு வரும்.

அப்புறம், நிறுவனத்தின் அமைப்பு ஆவணத்தை (articles of incorporation) முதலில் எடுத்துப் படியுங்கள். அதில் மாறாக ஏதாவது எழுதியிருந்தால் இந்த வாங்கும் உரிமையே மாறிவிடும். அதை வழக்கறிஞரிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.