தீபாவளிப் படத்துக்கு முதல் நாளே 9.2: நம்பலாமா?

பார்த்தவர்கள் பத்துக்கு மதிப்பெண் போடும் ஐஎம்டிபி தளத்தில் தீபாவளிப் படத்துக்கு 9.2 வந்திருக்கிறது, நம்பி டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பி நான்கு டிக்கெட் எடுக்காதீர்கள். திங்கட்கிழமை வரை பொறுங்கள்.

வெளியான அன்று ஐஎம்டிபியில் வாக்களிப்பவர்கள் பெரும்பாலும் ரசிகர்கள். மிச்சம், எதிரணி ரசிகர்கள். படம் பார்த்தீர்களா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

மதிப்பெண்ணைத் தொட்டால் 1 முதல் 10 வரை வாக்குகள் பிரிந்து தெரியும். இரு முனைகளும் உயர்ந்து, நடுவில் 6, 7, 8 வற்றிக் கிடந்தால் அது மதிப்பீடு அல்ல, சண்டை.

விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளம் காட்டும் 90% வேறு கணக்கு. நூறு விமர்சகர்களில் தொண்ணூறு பேர் 'பரவாயில்லை' என்றாலே அந்த எண் வந்துவிடும்.

பெற்றோருடன் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இந்த எண்கள் எதுவும் உதவாது. இங்கே சிங்கப்பூரில் படத்துக்குக் கிடைத்திருக்கும் வயதுத் தரம் பிஜி13ஆ (13 வயதுக்குக் கீழே பெற்றோர் வழிகாட்டல்), என்சி16ஆ (16 வயதுக்குக் கீழே அனுமதியில்லை), கூடவே வன்முறை பற்றிய குறிப்பு உண்டா என்று பாருங்கள். ரத்தம் தெறித்தால் என் அம்மா இடைவேளையிலேயே எழுந்துவிடுவார்.