ஆயுள் எதிர்பார்ப்பு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அப்பாவுக்கு 72 வயது. இரண்டு கண்களிலும் புரை வளர்ந்திருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு வர மறுக்கிறார். தமிழ்நாட்டில் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு சுமார் 73 என்று எங்கோ படித்துவிட்டு, “இன்னும் ஒரு வருடத்துக்கு எதற்குச் செலவு?” என்கிறார். விளையாட்டுப் பேச்சு இல்லை. வீட்டுப் பத்திரத்தையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டார். இன்னொன்று. 1947இல் இந்தியர்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 32 என்று மகளின் பாடநூலில் இருக்கிறது. ஆனால் என் கொள்ளுப்பாட்டி தொண்ணூறைத் தாண்டி இருந்தவர். இந்த ‘எதிர்பார்ப்பு’க்கு என்னதான் பொருள்? யார், யாரிடம், எதை எதிர்பார்க்கிறார்கள்?

ர., திண்டுக்கல்

அன்புள்ள ர.,

அந்த 73 உங்கள் அப்பாவுக்கு உரிய எண்ணே அல்ல. அது இன்று பிறக்கும் குழந்தைக்கானது. அந்தக் குழந்தைக்கும் அது கெடு அல்ல.

‘எதிர்பார்ப்பு’ என்ற பேச்சு இங்கே சூதாட்டக் கணக்கிலிருந்து வந்தது. டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1657இல் பகடை ஆட்டங்களைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஓர் ஆட்டத்தில் நமக்கு வரக்கூடிய எல்லா விளைவுகளையும், அவை வருவதற்கான வாய்ப்போடு சேர்த்துச் சராசரி கண்டால் கிடைப்பது எதிர்பார்ப்பு. ஒரு பகடையை உருட்டினால் அந்த மதிப்பு மூன்றரை. எந்தப் பகடையிலும் மூன்றரை விழாது. கணக்கில் எதிர்பார்ப்பு என்பது நடக்கப்போவதைச் சொல்லும் சொல் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

1669இல் கிறிஸ்டியானின் தம்பி லோடவைக், இந்தக் கணக்கை மனித ஆயுளுக்குப் பொருத்திப் பார்த்தார். லண்டனைச் சேர்ந்த ஜான் கிராண்ட் 1662இல் வெளியிட்ட ஓர் அட்டவணை அவர் கையில் இருந்தது. பிறக்கும் நூறு பேரில் ஆறு வயதைக் காண்பவர்கள் 64 பேர், பதினாறைக் காண்பவர்கள் 40, இருபத்தாறை 25, முப்பத்தாறை 16, எழுபத்தாறை ஒரே ஒருவர். கிராண்ட் இதில் ஊகத்தையும் கலந்துதான் எழுதினார். ஆனாலும் கணக்கு செய்து பழக அது போதும். எல்லோருடைய ஆயுளையும் கூட்டி நூறால் வகுத்தால் 18 ஆண்டுகளும் சில வாரங்களும் வருகிறது. பிறந்த குழந்தையின் எதிர்பார்ப்பு அது.

அண்ணன் பாரிஸிலிருந்து எழுதிய பதிலில் முக்கியமான ஒன்றைச் சுட்டிக்காட்டினார். சராசரி ஆயுள் வேறு, பாதிப் பேர் இறந்து பாதிப் பேர் எஞ்சும் வயது வேறு. இதே அட்டவணையில் அந்த இரண்டாவது வயது பதினொன்றை ஒட்டி வருகிறது. ஒரே ஊர், ஒரே சாவுகள், கேள்விக்கு ஏற்ப இரண்டு விடைகள்.

மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. உங்கள் அப்பாவுக்குத் தேவையானது அதுதான். முப்பத்தாறு வயதைக் கண்ட அந்த 16 பேரை மட்டும் எடுத்துக் கணக்கிடுங்கள். அவர்களின் சராசரி ஆயுள் ஐம்பத்து மூன்றரை ஆகிறது! பிறந்தபோது பதினெட்டு என்று சொல்லப்பட்டவர்கள்தான் இவர்களும். சிறு வயதிலேயே போய்விட்ட குழந்தைகள் அந்தச் சராசரியைக் கீழே இழுத்திருந்தார்கள். அந்த ஆபத்துகளைத் தாண்டி வந்தவர்களிடம் பழைய எண்ணைக் கொண்டுபோய் நீட்டுவதில் அர்த்தமே இல்லை.

பாடநூலின் 32ஐயும் இப்படித்தான் படிக்க வேண்டும். அன்றைய இந்தியாவில் எல்லோரும் முப்பத்திரண்டில் இறக்கவில்லை. தொப்புள்கொடி வழியாக வந்த ரணஜன்னி (டெட்டனஸ்), வயிற்றுப்போக்கு, அம்மை, மலேரியா எனத் தொட்டில் வயதிலேயே ஏராளமான குழந்தைகள் போய்க்கொண்டிருந்தார்கள். பிரசவத்தில் தாய்மார்கள் இறந்தார்கள். அந்தத் துயரம் முழுவதையும் சுமக்கும் எண் அது. அதை “அந்தக் காலத்து ஆட்கள் முப்பதிலேயே கிழவர்கள்” என்று வகுப்பில் சொல்லிக் கடந்துபோவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இறந்த குழந்தைகளை அது மறைத்துவிடுகிறது. முதுமை எக்காலத்திலும் இருந்தது. புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் என்ற புலவர், கோல் ஊன்றி, இருமலுக்கு நடுவே சில சொற்கள் பேசும் கிழவராக நின்று, மருத மரக்கிளையிலிருந்து மடுவில் குதித்த இளமையை நினைக்கிறார். உங்கள் கொள்ளுப்பாட்டியும் விதிவிலக்கான அதிசயம் அல்ல. குழந்தைப் பருவத்தையும் பிரசவங்களையும் கடந்து வந்தவர்.

இன்னொரு செய்தியையும் அப்பாவிடம் சொல்லுங்கள். ஆயுள் எதிர்பார்ப்பு, அந்தந்த ஆண்டில் எந்தெந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்பதைக் கொண்டு போடப்படுவது. அதே நிலை கடைசிவரை நீடித்தால் என்ற நிபந்தனை அதற்குள் இருக்கிறது. நிலை நீடிப்பதில்லை. அவர் பிறந்த 1950களில் இந்தியக் குழந்தையின் எதிர்பார்ப்பு நாற்பதை ஒட்டியே இருந்தது. பிறகு தடுப்பூசிகள் பரவின, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் ஊருக்கு ஊர் கிடைத்தன, பெரியம்மை ஒழிந்தது. தனக்குச் சொல்லப்பட்ட எண்ணை அவர் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கடந்துவிட்டார்.

அவருக்குரிய எண்ணும் அச்சில் இருக்கிறது. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் வெளியிடும் ஆயுள் அட்டவணைகளில் வயதுவாரியாகப் பாருங்கள். அறுபதை எட்டிய இந்தியருக்குச் சராசரியாக மேலும் 18 ஆண்டுகள் அளவில் இருக்கும். எழுபதை எட்டியவருக்குப் பத்துக்கு மேல். இதுவும் சராசரிதான், அவருக்கான வாக்குறுதி அல்ல. அவருடைய இதயத்தையும் சர்க்கரையையும் அறிந்த மருத்துவரிடம் கேட்பது இதைவிடச் சரி. ஆனால் ஒரு வருடம் என்று முடிவுகட்ட எந்த அட்டவணையும் இடம் தரவில்லை. ஒருவேளை ஒரே வருடம்தான் என்றாலும், அதைப் பார்வையோடு கழிக்க அவருக்கு உரிமை இல்லையா?

செலவை நினைத்துத்தான் தயங்குகிறார் என்றால் அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை இலவசம். மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் இல்லாதவர்களுக்கும் புரை நீக்குவதற்காகவே வளர்ந்த இடம். உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். முதலில் ஒரு கண்ணுக்குச் செய்வார்கள், பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். புரை மிகவும் முற்றிக் கெட்டிப்பட்டால் அறுவை சிகிச்சை சிக்கலாகும். மங்கிய பார்வையோடு இருட்டில் நடந்து விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்ளும் முதியவர்கள் ஏராளம். பத்திரங்களை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, இந்த வாரமே கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.