பத்மநாபபுரத்து சரஸ்வதிக்கும் சுவாதித் திருநாள் கீர்த்தனைகளுக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: நவராத்திரிக்கு நம் தக்கலைப் பக்கத்திலிருந்து சரஸ்வதி சிலை திருவனந்தபுரம் போகிறதே, அதற்கும் கர்நாடக இசைக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பே உண்டு. திருவிதாங்கூரின் தலைநகர் முன்பு பத்மநாபபுரம். நவராத்திரி பூஜையும் அங்கேதான். தலைநகர் மாறிய பிறகு, சரஸ்வதியோடு வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் ஆண்டுதோறும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகிறார்கள். 1956-இல் குமரி தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் இது நிற்கவில்லை.

அங்கே நவராத்திரி மண்டபத்தில் அந்த சரஸ்வதியின் முன்புதான் கச்சேரி. திருவிதாங்கூர் மன்னரும் இசைப் புலவருமான சுவாதித் திருநாள் (1813–1846) இதற்கென்றே ஒன்பது கீர்த்தனைகள் இயற்றினார். முதல் நாள் சங்கராபரண ராகத்தில் 'தேவி ஜகஜ்ஜனனி', இரண்டாம் நாள் கல்யாணி, அப்புறம் சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டக்குறிஞ்சி, கடைசி நாள் ஆரபி. அன்றைய ராகத்தை விரிவாக ஆலாபனை செய்து (பாட்டு வரிகள் இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடி), தானம் (அதே ராகத்தை லய ஓட்டத்தோடு பாடுவது) பாடி, பிறகே கீர்த்தனைக்கு வருவார்கள். கைதட்டல் கிடையாது, ஏனென்றால் அது வழிபாடு. ராகம் கேட்கப் பழக விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பேன்: ஒரு மாலை, ஒரு பெரிய ராகம்.

ஒரு குறை நெடுங்காலம் இருந்தது. பெண் தெய்வத்தின் முன்னால் பெண்கள் பாட இடமில்லை. 2006-இல்தான் பாறசாலை பொன்னம்மாள் அங்கே முதன்முதலாகப் பாடினார். பாறசாலை, நம் களியக்காவிளையைத் தாண்டினால் வரும் ஊர்.

முதலில் பைரவியில் 'ஜனனி மாமவ' கேளுங்கள்.