அலை நுரைக்குள் இருக்கும் குமிழிகளை அளப்பது எப்படி?

கேள்வி: வாடைக்காற்று வீசும் நாட்களில் எங்கள் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலை உடைந்த இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று நுரைத்துக் கிடக்கிறது. அந்தக் காற்றுக் குமிழிகளை விஞ்ஞானிகள் அளக்கிறார்களாமே! நொடியில் மறையும் குமிழியை எப்படி அளப்பது? அதனால் என்ன பயன்?
– வாசகர், கடலூர்

பதில்: நொடியில் மறைவது பெரிய குமிழிகள் மட்டுமே. விட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே உள்ள குமிழி, அசையாத நீரில் ஒரு மீட்டர் மேலேறவே மூன்று நிமிடங்களுக்கு மேல் ஆகும். உப்புநீரில் குமிழிகள் ஒன்றோடொன்று எளிதில் சேர்வதில்லை என்பதால், இத்தகைய நுண்குமிழிகள் கடலில் ஏராளம். இவற்றிலுள்ள காற்று மெல்ல நீரில் கரைகிறது. மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழக் கால் பங்கைக் கடல் ஏற்றுக்கொள்கிறது. அந்தப் பரிமாற்றத்தில் குமிழிகளின் பங்கைக் கணக்கிடவே முதன்மையாக இந்த அளவீடு தேவைப்படுகிறது. குமிழி வெடிக்கும்போது தெறிக்கும் உப்புத் துகள்கள் மேகத்துளிகளுக்குக் கருவாகின்றன. உங்கள் ஊர் ஜன்னல் கம்பிகள் விரைவில் துருப்பிடிப்பதற்கும் அவையே காரணம்.

அளக்கும் வழிகளில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது ஒலிதான். நீருக்குள் பிறக்கும் குமிழி சுருங்கி விரிந்து, தன் அளவுக்கேற்ற சுருதியில் ஒலிக்கிறது என்பதை 1933-இல் விஞ்ஞானி மார்செல் மின்னார்ட் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்குச் சுமார் 3,300 முறை அதிரும். ஆரம் இரட்டித்தால் அதிர்வு பாதியாகும். ஆகவே, நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிக் கேட்டாலே பிறக்கும் குமிழியின் அளவு தெரிந்துவிடும். ஆனால், அந்த ஒலி பிறந்த கணத்தோடு அடங்கிவிடும். ஆயிரக்கணக்கான குமிழிகள் சேர்ந்து ஒலிக்கும்போது பிரித்தறிவதும் கடினம். அதனால் வெளியிலிருந்து ஒலியைச் செலுத்தியும் பார்க்கிறார்கள். நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும் தாழ்சுருதி ஒலியின் வேகம், நூற்றில் ஒரு பங்கு காற்றுக் குமிழிகள் கலந்தாலே நூற்றுச் சொச்சம் மீட்டராகக் குறைந்துவிடுகிறது. இந்த வேகக் குறைவிலிருந்து, நீரில் எவ்வளவு காற்று கலந்திருக்கிறது என்று கணிக்கலாம்.

அதிவேகக் கேமராவும் பெரிதும் உதவுகிறது. கிராண்ட் டீன், டேல் ஸ்டோக்ஸ் ஆகிய இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆரத்துக்கு மேற்பட்ட குமிழிகளை, நீரில் சிக்கிய காற்றை உடைத்து நீரின் கொந்தளிப்பு உருவாக்குகிறது என்றும், அதைவிடச் சிறியவை அலைமுகட்டிலிருந்து பாயும் நீரும் துளிகளும் நீர்ப்பரப்பில் மோதுவதால் உண்டாகின்றன என்றும் காட்டினார்கள்.

உங்கள் கரையில் உடையும் அலையில் மணலும் கலந்திருப்பதால் கேமராவுக்குப் பார்வை எட்டாது. கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும், காற்று கடத்தாது என்பதை வைத்து, மின்கடத்தல் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, நீரில் கலந்துள்ள மொத்தக் காற்றை அளப்பதே அங்கே ஏற்ற வழி.